ஆல்பிரெட் நோபல்

தீயும் நீரும் மக்களுக்கு உற்ற துணைகள். அடுப்பில் அடங்கி எரியும் தீ சோறாக்கித் தரும். கூரையைப் பற்றிய தீ ஊரையே அழிக்கும். கரைக்குள் அடங்கி ஓடும் ஆறு கழனியை விளைவிக்கும். கரையை உடைத்த ஆறு விளைந்ததையும் வாரிக்கொண்டு போகும். ஒரு பொருளின் ஆற்றல் பெரிதாயின், அதனை அளவறிந்து ஆளும் திறமும் பெரிதாதல் வேண்டும். இவ்வுண்மையைத் தம் உழைப்பாலும் துயராலும் உணர்ந்தவர் ஆல்பிரெட் நோபல் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர். மலையைப் பிளக்கும் டைனமைட்டை ஆக்கியவர் அவரே; உலகம் போற்றும் நோபல் பரிசை நிறுவியவரும் அவரே. அவர் வெடிப்பதற்குக் கையாண்ட பொருளே நெஞ்சு நோய்க்கு மருந்தாகவும் அமைந்தது. அஃது எங்ஙனம் நோயைத் தணிக்கிறது என்பதை அறியாமலே அவர் மறைந்தார். அவர் மறைந்து 102 ஆண்டுகள் சென்றபின், அவ்வினாவுக்கு விடை கண்ட அறிஞர் மூவர் அவர் பெயராலேயே பரிசு பெற்றனர்.

பிறப்பும் இளமையும்

ஆல்பிரெட் நோபல் 1833ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள் சுவீடனின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் பிறந்தார். தந்தையார் பெயர் இம்மானுவேல் நோபல். தாயார் பெயர் ஆண்ட்ரியெட். தந்தையார் பொறித்தொழில் வல்லுநர். புதியன புனைவதில் பேரார்வம் உடையவர். ஆயினும், ஆல்பிரெட் பிறந்த ஆண்டிலேயே அவர் தொழிலில் நொடித்துக் கடனாளியானார். 1837இல் அவர் பிழைப்பை நாடிப் பின்லாந்துக்கும், பின்னர் அக்காலத்தில் ரஷ்யாவின் தலைநகராய் விளங்கிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் சென்றார். தாயார் பாலும் காய்கறியும் விற்கும் சிறு கடை ஒன்றை நடத்தித் தம் பிள்ளைகளைக் காப்பாற்றினார். ஆல்பிரெட் பிறவியிலேயே நலிந்த உடலினர், அடிக்கடி நோயுற்றவர். தாயாரின் இடையறாப் பேணுதலே அவரை வளர்த்தது எனலாம். அந்நன்றியை அவர் இறுதிவரை மறந்தாரல்லர்.

ரஷ்யாவில் தந்தையாருக்கு நற்காலம் பிறந்தது. பகைவர் கப்பல்களைத் தடுக்கும் கடற்கண்ணி வெடிகளை அவர் ரஷ்ய அரசுக்குச் செய்து கொடுத்தார். இயந்திரத் தொழிற்சாலை ஒன்றையும் நிறுவினார். 1842இல் குடும்பம் முழுவதும் அவருடன் சென்று சேர்ந்தது. ஸ்டாக்ஹோமில் ஓராண்டளவே பள்ளி சென்ற ஆல்பிரெட், அதன்பின் வீட்டிற்கு வந்து கற்பித்த ஆசிரியர்களிடமே பயின்றார். பதினேழாம் வயதிற்குள் சுவீடிய மொழி, ரஷ்ய மொழி, பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் ஆகிய ஐந்து மொழிகளையும் பேசவும் எழுதவும் வல்லவரானார். வேதியியலில் அவருக்கிருந்த ஆர்வம் பெரிது. கவிதையில் இருந்த காதலும் அதனினும் குறைந்ததன்று. மகன் கவிஞனாகிவிடுவானோ என அஞ்சிய தந்தையார், தொழிலறிவு பெற்று வருமாறு அவரை 1850இல் வெளிநாடுகளுக்கு அனுப்பினார். ஜெர்மனி, பிரான்சு, அமெரிக்கா முதலிய நாடுகளில் அவர் ஏறத்தாழ ஈராண்டுகளைக் கழித்தார்.

ஒரு புதிய பொருள்

பாரிசு நகரில் பெலூஸ் என்னும் வேதியியல் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பிரெட் சிலகாலம் பணியாற்றினார். அப்பேரறிஞரிடம் முன்னர்ப் பயின்றவருள் ஒருவர் இத்தாலி நாட்டினராகிய அஸ்கானியோ சொப்ரேரோ. அவர் 1847இல் தூரின் நகரில் கிளிசரினை நைட்ரிக் அமிலத்தோடும் கந்தக அமிலத்தோடும் சேர்த்து, எண்ணெய் போன்றதொரு நீர்மத்தை ஆக்கினார். அதுவே பிற்காலத்தில் நைட்ரோ கிளிசரின் எனப் பெயர் பெற்றது. சிறிது தட்டினாலும் சூடேறினாலும் அது பேரொலியுடன் வெடித்தது.

சொப்ரேரோ அதன் தன்மையை அறிவதற்காக ஒரு சிறு துளியை நாவில் வைத்துப் பார்த்தார். உடனே தலை தெறிப்பது போன்ற வலி தோன்றியது. நாடி விம்மித் துடித்தது. இவ்வாறு அப்பொருளுக்கு இருவகை ஆற்றல் உண்டென்பது அது பிறந்த நாளிலேயே தெரிந்தது. ஒன்று பாறையைப் பிளக்கும் ஆற்றல். மற்றொன்று மனிதரின் குருதியோட்டத்தை மாற்றும் ஆற்றல். இதனை அடக்கியாளல் எவர்க்கும் இயலாது எனக் கருதிய சொப்ரேரோ, அதனைப் பயன்படுத்தும் முயற்சியை விரும்பவில்லை.

நோபல் குடும்பத்தார் கருத்து வேறாக இருந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சீனின் என்னும் பேராசிரியர், சில துளி நைட்ரோ கிளிசரினைப் பட்டடைக் கல்லில் இட்டுச் சம்மட்டியால் அடித்துக் காட்டினார். அடிபட்ட துளி மட்டும் வெடித்தது. சுற்றியிருந்த துளிகள் வெடிக்கவில்லை. அக்காட்சி ஆல்பிரெட்டின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

இதற்கிடையே 1856இல் கிரிமியப் போர் முடிந்தது. ரஷ்ய அரசு போர்க்கருவிகள் வாங்குவதை நிறுத்தவே, தந்தையாரின் தொழிற்சாலை மீண்டும் நொடித்தது. பெற்றோர் 1859இல் சுவீடனுக்குத் திரும்பினர். ஆல்பிரெட்டும் 1863இல் அவர்களை அடைந்தார். குடும்பத்தின் வறுமையை நீக்கும் வழி நைட்ரோ கிளிசரினில் இருப்பதாக அவர் நம்பினார். அக்காலத்தில் சுரங்கம் தோண்டுவோர் கருமருந்தையே பயன்படுத்தினர். நைட்ரோ கிளிசரின் அதனினும் பன்மடங்கு வலியது. ஆனால், கருமருந்தைப் போலத் திரியிட்டுக் கொளுத்தினால் அது உறுதியாக வெடிப்பதில்லை. வேண்டாத வேளையில் வெடித்து உயிரைக் கொள்வதும் உண்டு. வேண்டும்போது வெடிக்கவும், வேண்டாதபோது அடங்கியிருக்கவும் அதனைப் பழக்குவதே ஆல்பிரெட் மேற்கொண்ட பணி. சிறிய வெடி ஒன்றின் அதிர்ச்சியால் பெரிய வெடியைக் கிளப்பும் முறையை அவர் கண்டார். அதற்கென அவர் அமைத்த வெடிமூட்டி வெடிபொருள் வரலாற்றில் ஒரு புதிய காலத்தைத் தொடங்கி வைத்தது.

பெருந்துயர்

1864ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 3ஆம் நாள். ஸ்டாக்ஹோமில் ஹெலெனெபோர்க் என்னுமிடத்தில் நோபல் குடும்பத்தார் நைட்ரோ கிளிசரின் ஆக்கிய கொட்டகை திடீரென வெடித்துச் சிதறியது. ஆல்பிரெட்டின் இளைய தம்பி எமிலும் வேறு சிலரும் அவ்விடத்திலேயே மாண்டனர். எமிலுக்கு அப்போது வயது இருபது. அத்துயரினின்றும் தந்தையார் மீளவே இல்லை. சில திங்களுக்குள் பக்கவாதம் அவரைத் தாக்கியது. எட்டாண்டுகள் நலிந்து கிடந்து, 1872ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 3ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

நகர எல்லைக்குள் அப்பொருளை ஆக்கலாகாது என அரசு தடுத்தது. ஆல்பிரெட் தம் ஆய்வை மேலாரன் ஏரியில் மிதந்த படகொன்றிற்கு மாற்றினார். தம்பியைக் கொன்ற பொருளை ஏன் கைவிடவில்லை என்னும் வினா எழுதல் இயல்பே. கைவிட்டால் தம்பியின் சாவு வீணாகும். அடக்கினால் வருங்காலத்தில் பிறர் சாவைத் தடுக்கலாம். அவர் செயல் இவ்வழியிலேயே சென்றது. ஸ்டாக்ஹோமுக்கு அண்மையிலும், ஜெர்மனியில் ஹாம்பர்க்குக்கு அருகே குரூம்மல் என்னும் ஊரிலும் தொழிற்சாலைகள் எழுந்தன.

ஆயினும் துயர் தொடர்ந்தது. 1866இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் அப்பொருள் வெடித்துப் பலர் இறந்தனர். பனாமாக் கரையில் அதனை ஏற்றி நின்ற கப்பல் ஒன்று வெடித்தது. குரூம்மல் தொழிற்சாலையும் அவ்வாண்டிலேயே அழிந்தது. நீர்மமாக இருக்கும்வரை அதனால் கேடு நீங்காது என்பதை ஆல்பிரெட் நன்குணர்ந்தார்.

டைனமைட்டு

நீர்மத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளத்தக்க திண்பொருள் ஒன்று கிடைத்தால், குலுங்கினாலும் அது வெடியாது என அவர் எண்ணினார். கரித்தூள், மரத்தூள் முதலிய பலவற்றைக் கலந்து பார்த்தார். இறுதியில் குரூம்மல் பகுதியில் மிகுதியாகக் கிடைத்த கீசல்கூர் என்னும் வெண்ணிற மண் அவருக்குப் பயன்பட்டது. நீரில் வாழ்ந்த மிகச் சிறிய பாசி வகையின் ஓடுகள் பன்னெடுங்காலம் படிந்து உண்டான மண் அது. அதன் நுண்துளைகள் தம்மைப்போல் மும்மடங்கு எடையுள்ள நைட்ரோ கிளிசரினை உறிஞ்சி வைத்துக்கொண்டன. மாவைப்போல் பிசைந்து, கோல்களாக உருட்டி, பாறைத் துளைகளில் எளிதாகச் செருகவும் முடிந்தது. வெடிமூட்டி இன்றி அது வெடிப்பதும் அரிதாயிற்று. ஆற்றல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் அதற்கு டைனமைட்டு என அவர் பெயரிட்டார். 1867இல் அதற்கு உரிமம் பெற்றார்.

டைனமைட்டு உலகின் முகத்தை மாற்றியது. ஆல்ப்ஸ் மலையை ஊடுருவும் செயின்ட் கோத்தார்டு இருப்புப்பாதைச் சுரங்கம் 1872 முதல் 1882 வரை அதன் துணையால் குடையப்பட்டது. கிரேக்க நாட்டில் கொரிந்துக் கால்வாய் வெட்டப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உளியும் சம்மட்டியும் கொண்டு செய்யவேண்டிய வேலையைச் சில திங்களில் முடிக்க இயன்றது. பல நாடுகளில் நோபலின் தொழிற்சாலைகள் பெருகின. வாழ்நாளில் அவர் பெற்ற உரிமங்கள் 355. ஆனால் அதே டைனமைட்டு 1870இல் மூண்ட பிரெஞ்சு-ஜெர்மன் போரில் மனிதரைக் கொல்லவும் பயன்பட்டது. 1887இல் அவர் கண்ட புகையற்ற வெடிமருந்தோ பெரும்பாலும் போருக்கே உரியதாயிற்று. பாறைக்கென ஆக்கிய ஆற்றலை மனிதர்மேல் ஏவாதபடி தடுக்கும் வெடிமூட்டி எதனையும் அவரால் அமைக்க முடியவில்லை.

செல்வமும் தனிமையும்

நோபல் பெருஞ்செல்வரானார். 1873 முதல் பாரிசில் அழகிய மாளிகையில் வாழ்ந்தார். எனினும் அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ஓரிடத்தில் அமைதியாகத் தங்கவுமில்லை. தொழிற்சாலைகளைக் காண நாடு நாடாகப் பயணம் செய்தார். ஓய்வு கிடைத்தபோது கவிதையும் நாடகமும் எழுதினார். 1876இல் ஆஸ்திரிய நாட்டுப் பெண்மணி பெர்த்தா என்பார் அவருக்குச் செயலாளராகச் சின்னாள் பணிபுரிந்தார். பின்னர் அவர் பெர்த்தா வான் சுட்னர் என்னும் பெயரில் போரை ஒழிக்கும் இயக்கத்திற்குத் தலைமை தாங்கினார். இருவரும் நோபலின் இறுதிக்காலம்வரை கடிதம் எழுதிக்கொண்டனர். உலக அமைதியைப் பற்றிய எண்ணம் நோபலின் உள்ளத்தில் வேரூன்றியதற்கு இந்நட்பும் ஒரு காரணம் ஆகும்.

மருத்துவ ஆராய்ச்சியிலும் அவர் நாட்டம் கொண்டிருந்தார். ஒருவர் குருதியை மற்றொருவர் உடலில் செலுத்தி நோய் தீர்க்க இயலுமா என்பதை ஆராய விரும்பி, யொஹான்சன் என்னும் உடலியல் அறிஞரை 1890இல் பாரிசுக்கு அருகிலிருந்த தம் ஆய்வுக்கூடத்திற்கு வரவழைத்தார். 1891இல் பாரிசை விட்டு நீங்கி, இத்தாலியில் கடற்கரை ஊராகிய சான் ரேமோவில் குடியேறினார்.

நெஞ்சு நோயும் மருந்தும்

சொப்ரேரோவின் நாவில் பட்ட துளியை மருத்துவர்கள் மறந்துவிடவில்லை. நைட்ரோ கிளிசரின் நாடியைத் துடிக்கச் செய்வதைக் கண்ட அவர்கள், மிகச் சிறிய அளவில் அதனைக் கொடுத்தால் நெஞ்சு வலி தணியுமோ என ஆராய்ந்தனர். 1879இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் மரல், நெஞ்சு வலியால் வருந்தியோர்க்கு அதனைக் கொடுத்துப் பயன் கண்டதாக எழுதி வெளியிட்டார். டைனமைட்டுத் தொழிற்சாலைகளிலும் இதற்குச் சான்று இருந்தது. விடுமுறை கழித்துப் பணிக்குத் திரும்பும் தொழிலாளர், முதல் நாளில் கடுந்தலைவலியால் வருந்துவர். ஓரிரு நாளில் உடல் அதற்குப் பழகிவிடும். அம்மருந்தின் ஆவி அவர்கள் உடலிற் புகுந்து, தலையிலுள்ள குருதிக் குழாய்களை விரித்ததே அவ்வலிக்குக் காரணம்.

முதுமையில் நோபலையும் நெஞ்சு நோய் பற்றியது. மருத்துவர் அவருக்கு அறிவுறுத்திய மருந்து நைட்ரோ கிளிசரினே. மருந்துக் கடைக்காரரும் மக்களும் அஞ்சாதிருத்தற்பொருட்டு, அதனை டிரைநைட்ரின் என வேறு பெயரால் வழங்கினர். தாம் வெடிக்கச் செய்த பொருளைத் தாமே உட்கொள்ளும்படி நேர்ந்த ஊழின் விளையாட்டை, 1896ஆம் ஆண்டு அக்டோபரில் தம் உதவியாளர் ராக்னர் சோல்மனுக்கு எழுதிய கடிதத்தில் நோபல் வியந்து குறித்திருக்கிறார். அம்மருந்து குருதிக் குழாயை ஏன் விரிக்கிறது என்பதை அன்று உலகில் எவரும் அறியார்.

அவ்வாண்டு டிசம்பர் 10ஆம் நாள் சான் ரேமோவில் மூளையில் குருதிக் குழாய் உடைந்து நோபல் இறந்தார். அவருக்கு வயது 63. உறவினர் எவரும் அருகில் இல்லை. பணியாளர் மட்டுமே உடனிருந்தனர்.

உயில்

அவர் 1895ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் பாரிசில் கையெழுத்திட்ட உயில் திறக்கப்பட்டபோது உலகம் வியந்தது. தம் செல்வத்தின் பெரும்பகுதியை முதலாக வைத்து, அதன் வருவாயை ஆண்டுதோறும் ஐந்து பரிசுகளாக வழங்க வேண்டும் என அவர் எழுதியிருந்தார். அம்முதல் மூன்று கோடியே பத்து இலட்சம் சுவீடியக் குரோனாருக்கும் மேற்பட்டது. இயற்பியல், வேதியியல், உடலியல் அல்லது மருத்துவம், இலக்கியம், அமைதி ஆகிய துறைகளில் மக்களினத்திற்குப் பெரும்பயன் விளைத்தவர்க்கு அவை உரியன; எந்நாட்டினர் என்னும் வேறுபாடு பார்த்தலாகாது. உறவினருள் சிலர் எதிர்த்தனர். தாய்நாட்டிலும் குறை கூறியோர் உண்டு. உயிலை நிறைவேற்றும் பொறுப்பேற்ற சோல்மன் அஞ்சாது உழைத்து, தம் தலைவரின் விருப்பத்தை நிறைவேற்றினார். முதற் பரிசுகள் 1901இல் வழங்கப்பட்டன. பெர்த்தா வான் சுட்னர் 1905இல் அமைதிப் பரிசு பெற்றார். வங்கக் கவிஞர் தாகூர் 1913இலும், திருச்சிராப்பள்ளியில் பிறந்த அறிஞர் சி. வி. இராமன் 1930இலும் இப்பரிசால் சிறப்பெய்தினர்.

நூற்றாண்டு கடந்து வந்த விடை

நைட்ரோ கிளிசரின் நெஞ்சு வலியைத் தணிக்கும் காரணம் நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. 1977இல் அமெரிக்க அறிஞர் ஃபெரிட் முராட், அம்மருந்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்னும் வளி வெளிப்பட்டுக் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது எனக் கண்டார். இது கேட்டோர்க்கு வியப்பை அளித்தது. நைட்ரிக் ஆக்சைடு புகையிலும் மின்னலிலும் உண்டாகும் எளிய வளி; ஒரு நைட்ரசன் அணுவும் ஓர் ஆக்சிசன் அணுவும் சேர்ந்தது. காற்றை மாசுபடுத்தும் நச்சாகவே மக்கள் அதனை அறிந்திருந்தனர்.

1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் என்னும் மற்றோர் அமெரிக்க அறிஞர் முயலின் பெருந்தமனித் துண்டுகளை ஆராய்ந்தார். அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் சேர்த்தபோது சில துண்டுகள் தளர்ந்தன, சில தளரவில்லை. காரணத்தைத் தேடியபோது, தளராத துண்டுகளின் உட்புறம் கையாளும்போது உரசித் தேய்ந்துபோயிருந்தது தெரிந்தது. குருதிக் குழாயின் உட்புறத்தில் ஓர் உயிரணு அளவே கனமுள்ள மெல்லிய படலம் உண்டு. அது நீங்கிய துண்டு தளர்வதில்லை. பின்னர் அவர், படலம் நீங்கிய துண்டினைப் படலமுள்ள துண்டோடு முகத்துக்கு முகம் சேர்த்து வைத்தார். அப்போது அதுவும் தளர்ந்தது. ஆகவே, படலத்தின் உயிரணுக்கள் ஏதோ ஒரு பொருளை வெளியிட்டுத் தசைக்குச் செய்தி அனுப்புகின்றன என்பது உறுதியாயிற்று.

அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடே என ஃபர்ச்காட்டும், லூயி இக்னாரோ என்னும் அறிஞரும் 1986இல் தனித்தனியே எடுத்துரைத்தனர். இங்கிலாந்தில் ஆராய்ந்த சால்வடோர் மொன்காடாவும் அவர் குழுவினரும் 1987இல் அதற்கு வலிய சான்று காட்டினர். வெடிமருந்திலிருந்து வெளிப்படும் வளியையே மனித உடல் தானாக ஆக்கிக்கொள்கிறது என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உடலின் அளவறிவு

நோபல் டைனமைட்டில் நாடிய ஒழுங்கு, குருதிக் குழாயின் உட்படலத்தில் மிக நுட்பமாக அமைந்திருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடை அவ்வுயிரணுக்கள் சேமித்து வைப்பதில்லை. வேண்டிய நொடியில் வேண்டிய அளவே ஆக்குகின்றன. ஆக்கும் பணியைச் செய்வது ஒரு நொதி. உணவிலும் உடலிலும் உள்ள ஆர்ஜினின் என்னும் பொருளையும் ஆக்சிசனையும் கொண்டு அது வேலை செய்கிறது. ஓய்வு வேளையில் கேவியோலின் என்னும் புரதம் அந்நொதியைப் பற்றிப் பெரிதும் அடக்கி வைக்கிறது.

ஓடும்போதும் உழைக்கும்போதும் குருதி விரைந்து பாய்ந்து குழாயின் உட்சுவரை உராய்கிறது. அவ்வுராய்வைப் படலத்தின் உயிரணுக்கள் உணர்கின்றன. அசிட்டைல்கோலின் போன்ற பொருள்கள் கொணரும் செய்தியும் அவற்றை எட்டுகிறது. உடனே உயிரணுவினுள் கால்சியத்தின் அளவு உயர்கிறது. கால்சியம் கால்மோடுலின் என்னும் புரதத்தோடு சேர்ந்து நொதியை அடைய, தடை நீங்கி நொதி விழிக்கிறது. உராய்வு தொடருமாயின், பாசுபேட்டு நொதியோடு இணைக்கப்பட்டு, கால்சியம் குறைந்த போதும் அதன் வேலை நிலைபெறுகிறது. இங்ஙனம் பிறந்த நைட்ரிக் ஆக்சைடு அருகிலுள்ள தசையுட் புகுந்து அதனைத் தளர்த்துகிறது, குழாய் விரிகிறது, உழைக்கும் உறுப்புக்கு மிகுதியான குருதி செல்கிறது. குருதியின் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதையும் அது தடுக்கிறது. அதன் வாழ்நாள் சில நொடிகளே. குருதியில் கலந்ததை ஹீமோகுளோபின் விரைவில் பற்றி மாற்றிவிடுகிறது. தூண்டுதல் நின்றால் ஆக்கமும் குறைகிறது.

இவ்வளவு தவறினால் இருபுறமும் கேடு உண்டு. புகைபிடித்தல், நீரிழிவு, மிகுந்த கொழுப்பு ஆகியவற்றால் உட்படலம் பழுதுபட்டால் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. குழாய்கள் இறுகி நெஞ்சு நோய்க்கு வழி பிறக்கிறது. கொடிய தொற்று நோயில் வேறொரு நொதி அதனை வரம்பின்றி ஆக்கும்போது, குழாய்கள் அளவுமீறி விரிந்து இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஊறு நேர்கிறது. நைட்ரோ கிளிசரின் செய்யும் உதவியும் இப்போது விளங்கும். உட்படலம் நலிந்து தன் கடமையில் தவறிய இடத்திலும், மருந்திலிருந்து பிறந்த நைட்ரிக் ஆக்சைடு நேரே தசையைத் தளர்த்துகிறது. நெஞ்சுக்குத் திரும்பும் குருதி குறைந்து அதன் சுமை தணிகிறது; வலி நீங்குகிறது. அம்மருந்தையும் இடைவிடாது பயன்படுத்தினால் உடல் பழகி, பயன் குன்றும். ஆதலின் மருத்துவர் அதற்கும் அளவும் இடைவெளியும் வகுக்கின்றனர்.

நோபல் காட்டும் நெறி

நோபல் தம் வாழ்நாள் முழுவதும் ஒரு பொருளோடு போராடினார். அப்பொருள் அவர் தம்பியைக் கொன்றது, அவரைச் செல்வராக்கியது, மலைகளைத் திறந்தது, போர்க்களத்தையும் சிவப்பாக்கியது. முதுமையில் அவர் கைக்கு மருந்தாக வந்தது. பொருள் ஒன்றே, பயன் பலவாயின. வேற்றுமை அனைத்தும் அதனை ஆளும் அளவிலும் நோக்கத்திலும் அடங்கியிருந்தது. பாறைக்குரிய அளவை அவர் தம் அறிவால் வகுத்தார். மக்களின் நோக்கத்தை வகுக்கும் கருவி அவரிடம் இல்லை. ஆகவே தம் செல்வத்தின் பெரும்பகுதியை அறிவுக்கும் அமைதிக்கும் உரியதாக்கி, அப்பணியைப் பின்வரும் தலைமுறைகளிடம் ஒப்படைத்துச் சென்றார்.

ஆண்டுதோறும் டிசம்பர் 10ஆம் நாள், நோபல் மறைந்த அந்நாளில், ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் பரிசுகள் வழங்கப்படுகின்றன. அங்குக் கூடியிருப்போர் ஒவ்வொருவர் உடலிலும், கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலம், நோபல் அறியாத அவ்வளியை நொடிக்கு நொடி அளந்து வழங்கிக்கொண்டே இருக்கிறது.